திருவக்கரைக் கல்மரங்கள்: கல்லில் பாதி, கிடையில் பாதி

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட செம்மண் மேட்டில் இருக்கிறது திருவக்கரைத் தேசியக் கல்மரப் பூங்கா. அங்கே போகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது, அங்கே இல்லாத ஒன்றை. அந்த அடிமரங்களுக்கு வேர் இல்லை. கிளை இல்லை, பட்டை இல்லை, பக்கத்தில் இலையின் தடம்கூட இல்லை. 3 மீட்டர் முதல் 15 மீட்டர் வரை நீளமுள்ள ஏறக்குறைய 200 மரங்கள் மணற்கல்லுக்குள் பாதி புதைந்தும் பாதி வெளியே தெரிந்தும் படுத்த வாக்கில் கிடக்கின்றன. மரத்தின் உடம்பு கல்லாகியிருப்பது வியப்புதான். பார்க்க வருபவர்கள் தொட்டுப் பார்ப்பதும் தட்டிப் பார்ப்பதும் அந்த வியப்பால்தான். ஆனால் இந்த இடத்தின் வரலாற்றைச் சொல்லும் சான்றுகளில் பாதி அந்தக் கல்லுக்குள் இல்லை. மரம் எந்தத் திசை பார்த்துக் கிடக்கிறது, எந்த மணலுக்குள் புதைந்திருக்கிறது, எவையெல்லாம் அதனோடு சேர்ந்து கிடக்கின்றன, எவையெல்லாம் சேரவில்லை என்பதில்தான் அந்தப் பாதி இருக்கிறது. கல்மரத்தைத் தூக்கிக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் கல் தப்பிக்கும், இந்தச் சான்று அழியும். அதனால் இம்மரங்களுக்குரிய அருங்காட்சியகம் அவை கிடக்கும் மண்தான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் பியேர் சொன்னரா 1781-இல் இந்தக் கல்மரங்களைப் பற்றி எழுதினார். அதற்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து, 1940-இல், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இவ்விடத்தைப் பூங்காவாக அமைத்தது. சுமார் 247 ஏக்கர் பரப்பு, தனித்தனியாக ஒன்பது பகுதிகள். அவற்றில் ஒரு சிறு பகுதிதான் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது. தேசியப் புவியியல் நினைவுச் சின்னம் என்ற தகுதியும் இதற்கு உண்டு. இவ்வளவு இருந்தும், இங்கே வருபவர்களில் பலர் மனத்தில் எழும் கேள்வி, இவ்வளவு அரிய பொருளை ஏன் வெயிலிலும் மழையிலும் போட்டு வைத்திருக்கிறார்கள், சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் போன்ற இடத்துக்குக் கொண்டுபோய்ப் பாதுகாக்கக் கூடாதா என்பது. அக்கறையிலிருந்து வரும் கேள்வி அது, பொறுப்பாகப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால், கல் தானாகச் சொல்லக்கூடியது எவ்வளவு, சொல்ல முடியாதது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மரம் கல்லாவதற்கு நெருப்பும் எரிமலையும் வேண்டும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. உண்மையில் வேண்டியது தண்ணீரும் மண்ணும் காற்றின்மையும். சாய்ந்த மரம் வெளியில் கிடந்தால் பூஞ்சையும் கரையானும் பாக்டீரியாவும் சில பத்தாண்டுகளில் அதைத் தீர்த்துவிடும். ஆற்று மணல் சீக்கிரமே மூடிவிட்டால் ஆக்சிஜன் குறைகிறது, அழுகல் தாமதப்படுகிறது. மணலின் இடுக்குகளில் ஊறிச் செல்லும் நிலத்தடி நீரில் கரைந்த சிலிக்கா, சிலிசிக் அமிலமாக, இருக்கிறது. மரத்தின் செல் சுவர்களில் உள்ள செல்லுலோஸ் மூலக்கூறுகளில் ஹைட்ராக்சில் தொகுதிகள் ஏராளம். சிலிசிக் அமிலம் அவற்றோடு ஒட்டிக்கொள்கிறது. முதலில் செல் சுவரின் மீது படிகிறது, பிறகு சுவருக்குள் ஊறுகிறது, கடைசியில் நடுவிலுள்ள வெற்றிடத்தை நிரப்புகிறது. மரப்பொருள் மெல்ல மெல்லக் கரைந்து வெளியேறும்போது அதன் வடிவத்தை ஏற்றுக்கொண்ட கனிமம் அங்கே நிற்கிறது. தொடக்கத்தில் ஓப்பலாக இருக்கும் இந்தச் சிலிக்கா, காலப்போக்கில் நீரை இழந்து, கால்சிடனியாகவும் குவார்ட்ஸாகவும் ஒழுங்குபடுகிறது. இடையில் புகுந்த இரும்பு ஆக்சைடு பழுப்பையும் சிவப்பையும் தருகிறது. அந்தக் காலத்தில் இங்கே எரிமலை எதுவும் இல்லை என்பதால் சிலிக்கா வந்த வழி பெரும்பாலும் ஆறுதான்: மேற்கே செஞ்சிப் பக்கத்திலும் அதற்கு அப்பாலும் நிற்கும் கிரானைட், நைஸ், சார்னோகைட் பாறைகளின் கனிமங்கள் சூட்டிலும் ஈரத்திலும் சிதைந்து மணலாகவும் கரைசலாகவும் கிழக்கே இறங்கின. சுமார் 250 கோடி ஆண்டு வயதுள்ள அந்த மலைகளின் சிலிக்காதான் இன்று திருவக்கரை மரத்தின் உடம்பாக இருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

இதற்கு எவ்வளவு காலம் பிடித்திருக்கும்? கோடிக்கணக்கான ஆண்டுகள் என்று சொல்லித்தான் பழக்கம். ஆனால் ஜப்பானில் தாதெயாமா எரிமலைப் பகுதியின் வெந்நீர் ஊற்றில் ஆல்டர் மரத் துண்டுகளைப் போட்டு வைத்த ஆய்வாளர்கள், 7 ஆண்டுகளில் எடையில் 40 சதவீதம் வரை சிலிக்கா ஏறியதை 2004-இல் வெளியிட்டார்கள். வெந்நீரில் சிலிக்கா செறிவு மிக அதிகம். சாதாரண நிலத்தடி நீரில் வேலை பல மடங்கு மெதுவாக நடக்கும். இந்தச் சோதனையைக் கேள்விப்பட்டதும், மரம் இவ்வளவு விரைவில் கல்லாகும் என்றால் திருவக்கரை மரங்களின் வயது 2 கோடி ஆண்டு என்ற கணக்கு பொய்தானே என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். இரண்டு வேறு கேள்விகளை ஒன்றாகக் குழப்புவதால் வரும் ஐயம் இது. கல்லாவதற்கு எவ்வளவு நாள் ஆனது என்பது ஒன்று. கல்லாகி எவ்வளவு நாள் ஆயிற்று என்பது வேறொன்று. முதல் கேள்விக்கான பதிலைக் கல்லின் வேதியியலில் தேடலாம். இரண்டாவதற்கு அந்தக் கல்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பதில் தேடினால் கிடைக்காது.

கார்பன் முறை இங்கே உதவாது. அது சுமார் 50,000 ஆண்டுகளுக்கு மேல் எட்டாது. தவிர, மரத்தின் கார்பனில் பெரும்பகுதி போயே போய்விட்டது. எரிமலைச் சாம்பல் அடுக்கு இருந்தால் அதிலுள்ள கதிரியக்கக் கனிமங்களைக் கொண்டு வயதைக் கணக்கிடலாம். அதுவும் இங்கே இல்லை. வயதைச் சொல்வது மரம் புதைந்திருக்கும் படிவம்தான். கடலூர் மணற்கல் என்று புவியியலாளர்கள் அழைக்கும் இந்தச் செந்நிறப் படிவம் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். திருவக்கரையிலிருந்து அதிகத் தொலைவில்லாத வழுதாவூர், கரசூர், மணவெளி, துருவை ஆகிய ஊர்களின் பெயர்கள் உலகப் புவியியல் நூல்களில் பாறை அடுக்குகளின் பெயர்களாக நிற்கின்றன. அங்கே மண்ணுக்குள் இருப்பது பழைய கடலின் அடித்தரை. சுருள் ஓடுடைய அம்மோனைட்டுகள் உட்பட அந்தக் கடலின் உயிர்கள் பலவற்றைக் கேய், கன்லிஃப் என்ற இருவர் சேகரித்து அனுப்ப, எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் லண்டனில் அவற்றை விவரித்து எழுதினார். அம்மோனைட்டுகள் டைனோசர்களோடு 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்தவை. அதற்கும் பிற்பட்ட கடல் படிவங்களும் அங்கேயே உள்ளன. அவை எல்லாவற்றுக்கும் மேலே, கடல் பின்வாங்கிய நெடுங்காலத்துக்குப் பிறகு, ஆறு கொண்டுவந்த மணலாகக் கடலூர் மணற்கல் படிந்திருக்கிறது. அதனால் மரங்கள் அந்தக் கடலுக்குப் பின்னால் வந்தவை என்பது உறுதி. மரங்களின் வகைகளையும் படிவத்தின் மற்றச் சான்றுகளையும் சேர்த்து மயோசீன் அல்லது மயோ-பிளியோசீன் காலம் என்று மதிப்பிடுகிறார்கள். 2 கோடி என்பது அந்த மதிப்பீட்டின் முழு எண்ணாக்கிய வடிவம். ஒரு சில லட்சம் ஆண்டுத் துல்லியம் அதில் இல்லை, இருப்பதாக யாரும் சொல்லவும் கூடாது. ஆனால் அந்த எண் வந்ததே மரம் கிடக்கும் இடத்தால்தான். இடம் தெரியாத கல்மரத் துண்டு ஒன்றை உலகின் சிறந்த ஆய்வகத்தில் கொடுத்தாலும் அதன் வயதைச் சொல்வது மிகக் கடினம்.

கல் தானே சொல்லக்கூடியதும் உண்டு, அது சிறிதல்ல. அது எந்த மரம் என்பதைக் கல்லே சொல்லிவிடும். கல்மரத்திலிருந்து ஒரு சில்லை அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, ஒளி ஊடுருவும் அளவுக்கு, ஏறக்குறைய 0.03 மி.மீ. தடிமனுக்குத் தேய்க்கிறார்கள். மரத்தைக் குறுக்கே வெட்டிய முகம், ஆரத்தின் வழியே வெட்டிய முகம், வளையத்தைத் தொட்டு வெட்டிய முகம் என்று ஒரே மரத்திலிருந்து மூன்று தகடுகள். மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் ஒரு காலத்தில் தண்ணீர் ஏறிய குழாய்கள் வட்ட வட்டமாகத் தெரிகின்றன. குழாய்கள் தனித்தனியாக நிற்கின்றனவா, கூட்டமாகவா. அவற்றைச் சுற்றி மெல்லிய செல்கள் வளையமிட்டிருக்கின்றனவா. பிசின் ஓடிய கால்வாய்கள் உண்டா. நடுவிலிருந்து வெளிப்புறம் ஓடும் கதிர்கள் எத்தனை செல் அகலம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து இன்றைய மரங்களோடு ஒப்பிடுகிறார்கள். பெரிய குழாய்களே இல்லாமல் ஒரே சீரான செல் வரிசைகள் மட்டும் தெரிந்தால் அது கூம்பு தாங்கும் மர வகை. இந்தியத் தொல்தாவரவியலின் முன்னோடி பீர்பால் சாஹ்னி 1931-இல் வெளியிட்ட ஆய்வில் மெசெம்பிரியோசைலான் ஷ்மிதியானம் என்று பெயரிட்டது அப்படிப்பட்ட ஒரு மரத்துக்கு. போடோகார்பஸ் குடும்பத்துக்கு நெருக்கமானது. 1950-களிலும் 60-களிலும் சி.ஜி.கே. ராமானுஜம் தென்னார்க்காட்டுக் கல்மரங்களை வரிசையாக ஆராய்ந்து குங்கிலியக் குடும்பம், மருதுக் குடும்பம், புளியும் வாகையும் சேர்ந்த அவரைக் குடும்பம் முதலியவற்றின் மரங்களை அடையாளம் கண்டார்.

இந்தப் பட்டியலைப் பார்த்ததும் காலநிலையைப் பற்றி ஒரு முடிவுக்கு வரத் தோன்றும். குங்கிலியக் குடும்பத்தின் டிப்டெரோகார்பஸ் பேரினம் இன்று தென்னிந்தியாவில் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில் மட்டும் வாழ்கிறது. போடோகார்பஸ் குடும்பத்தைச் சேர்ந்த நெகியா வாலிச்சியானா, விந்திய மலைக்குத் தெற்கே இயற்கையாக வளரும் ஒரே கூம்புவகை மரம், அதுவும் அந்த மலைகளில்தான். இன்றைய விழுப்புரம் கரையோரத்தின் இயற்கைக் காடு என்பது புத்துப்பட்டு அய்யனார் கோயில் காவுபோலக் குட்டையான, காய்ந்த பருவத்தைத் தாங்கும் பசுமைமாறாக் காடு. எனவே 2 கோடி ஆண்டுகளுக்கு முன் திருவக்கரையில் மழைக்காடு இருந்தது என்று சொல்லிவிடலாமா? இரண்டு காரணங்களால் நிதானிக்க வேண்டும். முதலாவது, குங்கிலியக் குடும்பம் முழுவதும் ஈரத்தை நாடுவதில்லை. அதன் சில இனங்கள் கிழக்குத் தொடர்ச்சி மலையின் வறண்ட சரிவுகளில் இன்றும் நிற்கின்றன. குடும்பப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மழையளவைச் சொல்ல முடியாது. பேரினம் வரை போக வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட பேரினங்கள் ஒரே திசையைக் காட்ட வேண்டும். இங்கே அப்படிக் காட்டுகின்றன, ஆகவே ஈரமான, அடர்ந்த காடு ஒன்று இருந்தது என்பது வலுவான முடிவு. இரண்டாவது காரணம்தான் முக்கியமானது. காடு இருந்தது, சரி; எங்கே இருந்தது? இதைச் சொல்ல மைக்ரோஸ்கோப்புக்கு வழியில்லை. அருங்காட்சியகப் பெட்டியில் ‘திருவக்கரை, மயோசீன், ஈரக்காட்டு மரம்’ என்று அட்டை வைத்தால், திருவக்கரையில் அந்த மரம் வளர்ந்தது என்றுதான் படிப்பவர் புரிந்துகொள்வார். அட்டையிலுள்ள ஒவ்வொரு சொல்லும் சரியாக இருந்தும் புரிதல் தப்பாகிவிடும்.

அந்தத் தப்பைத் திருத்துவது மரத்தின் கிடை. வேரோடு நின்ற காடு புதைந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு ஒப்பிட ஓர் இடம் இருக்கிறது. கிரேக்க நாட்டின் லெஸ்போஸ் தீவில், ஏறக்குறைய இதே காலத்தில், எரிமலைச் சாம்பல் மூடிய காடு கல்லாகி நிற்கிறது. அடிமரங்கள் செங்குத்தாக, வேர்கள் பழைய மண்ணுக்குள் விரிந்தபடியே உள்ளன. திருவக்கரையில் இதற்கு நேர்மாறு. மரங்கள் கிடைமட்டமாகக் கிடக்கின்றன, வேர் பரந்த பழைய நிலம் காணோம், சுற்றிலும் இருப்பது இரும்பேறிய பருமணலும் கூழாங்கற்களும். கூழாங்கல்லை உருட்டிக்கொண்டு வர வேகமான தண்ணீர் வேண்டும். குங்கிலியக் குடும்பமும் கூம்பு மரமும் அவரைக் குடும்பமும் கலந்து ஒரே மணலுக்குள் கிடக்கின்றன. இவற்றைச் சேர்த்துப் பார்த்துத்தான், மரங்கள் இங்கே வளரவில்லை, எங்கோ மேற்புறத்தில் வளர்ந்து பெருவெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, வேகம் தணிந்த சமவெளியில் ஒதுங்கின என்ற முடிவுக்குப் புவியியலாளர்கள் வந்தார்கள். கிளை முறிந்ததும் பட்டை உரிந்ததும் அந்தப் பயணத்தில்.

வேர் இல்லாததை வைத்து இவ்வளவு சொல்லலாமா, வேரும் பட்டையும் இங்கேயே அழுகிப் போயிருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பட்டை மென்மையானது, இருந்த இடத்திலேயே அழுகும். ஆனால் வேர் அடி அப்படியல்ல. மரத்தின் மிகக் கெட்டியான பகுதிகளில் அதுவும் ஒன்று. புயலில் சாய்ந்த மரம் வேர்ப்பாகத்தைத் தூக்கிக்கொண்டே சாய்கிறது. நின்றபடி அழுகிய மரம் நிலத்தில் ஒரு முண்டத்தை விட்டுப்போகிறது. ஒன்றிரண்டு மரங்களில் வேர் காணாமல் போயிருந்தால் தற்செயல் எனலாம். பூங்கா முழுவதும் அப்படி இருக்கும்போது, அதோடு வேர் ஊடுருவிய மண்ணும் இல்லாதபோது, பருமணலும் கூழாங்கல்லும் சூழ்ந்திருக்கும்போது, எல்லாவற்றுக்கும் ஒரே விளக்கமாக நிற்பது ஆறுதான். ஒவ்வொரு சான்றும் தனியாகப் பலவீனமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவை ஒரே இடத்தில் கூடிக் கிடப்பதுதான் பலம். கூட்டத்தைக் கலைத்தால் பலமும் போகும்.

இன்னொரு மறுப்பு சற்று நுட்பமானது. மரங்கள் வேறெங்கோ முதலில் கல்லாகி, பிறகு கற்களாக உருண்டு வந்து சேர்ந்திருக்கலாம் அல்லவா? சிறு துண்டுகளுக்கு அது பொருந்தும். உருண்டு மழுங்கிய கல்மரக் கூழாங்கற்களும் இப்படிப்பட்ட படிவங்களில் கிடைப்பதுண்டு. நீண்ட அடிமரங்களுக்குக் கணக்கு உதைக்கிறது. 10 மீட்டர் நீளமும் 80 செ.மீ. விட்டமும் உள்ள ஓர் அடிமரத்தின் கன அளவு ஏறக்குறைய 5 கன மீட்டர். மரமாக இருக்கும்போது அது சுமார் 4 டன், தண்ணீரில் மிதக்கும். குவார்ட்ஸாக மாறிய பிறகு அதே அளவு 13 டன். எந்த வெள்ளமும் அதை முழுசாகத் தூக்கிவர முடியாது, உருட்டினாலும் நொறுங்கும். பூங்காவில் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டிய ஒன்று இதற்குத் துணை நிற்கிறது. பல அடிமரங்கள் குறுக்கே துண்டுபட்டிருக்கின்றன, மரவாடியில் வாள் வைத்து அறுத்ததுபோல. பச்சை மரமோ காய்ந்த மரமோ முறிந்தால் நார் நாராகப் பிளந்து சிராம்பு நிற்கும். இப்படித் தட்டையாக முறிவது உடையும் தன்மையுள்ள குவார்ட்ஸின் இயல்பு. எனவே முறிவு நடந்தது கல்லான பிறகு. ஆனால் துண்டுகள் சிதறவில்லை; ஒன்றின் பின் ஒன்றாக, வளையத்தோடு வளையம் பொருந்த, அதே வரிசையில் கிடக்கின்றன. புதைந்த இடத்திலேயே நிலம் அமர்ந்ததில் முறிந்தவை, அதன்பின் எங்கும் நகரவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. பயணம் மரமாக இருந்தபோது நடந்தது, கல்லானது இங்கே, முறிந்ததும் இங்கே என்ற காலவரிசை முழுவதும் துண்டுகளுக்கு இடையிலுள்ள அந்த விரலளவு இடைவெளியில் எழுதியிருக்கிறது. ஒரு துண்டை மட்டும் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்தால் வழவழப்பான குறுக்கு முகம் அழகாக இருக்கும், இந்த வரிசை இருக்காது.

இதே கடலூர் மணற்கல் தெற்கே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே மூடியிருக்கிறது. 1956-இல் தொடங்கிய நெய்வேலி நிறுவனம் வெட்டி எரிப்பதும் பழங்காட்டின் எச்சத்தைத்தான். அங்கே தாவரப்பொருள் தேங்கிய சதுப்பில், ஆக்சிஜன் எட்டாத நீரில், அடுக்கடுக்காகச் சேர்ந்து கார்பனைத் தக்கவைத்துக்கொண்டது. இங்கே ஓடும் ஆற்றின் மணலில், சிலிக்கா ஊறும் நீரில், கார்பனை இழந்து கல்லை வாங்கிக்கொண்டது. மரம் கரியாவதா கல்லாவதா என்பதைத் தீர்மானித்தது அது விழுந்த இடம்.

திருவக்கரை, சம்பந்தர் பாடல் பெற்ற தலம். சந்திரமௌலீசுவரர் கோயிலும், பௌர்ணமிதோறும் பெருங்கூட்டம் கூடும் வக்கரகாளியம்மன் சன்னிதியும் பூங்காவுக்குப் பக்கத்திலேயே உள்ளன. இந்தக் கல்மரங்கள் வக்கராசுரனின் எலும்புகள் என்று ஊரில் ஒரு கதை வழங்குகிறது. அறிவியல் விளக்கத்தோடு அது ஒத்துப்போகாது. ஆனாலும் அந்தக் கதை சொன்னவர்கள், இவை மற்றக் கற்களைப் போன்றவை அல்ல, ஒரு காலத்தில் உயிரோடு இருந்த ஏதோ ஒன்றின் உடம்பு என்பதைச் சரியாகக் கண்டிருக்கிறார்கள். கதை பிறந்ததும் மரங்கள் இங்கே, இந்த வடிவில், இப்படி இறைந்து கிடந்ததால்தான்.

இனி, அருங்காட்சியகமே வேண்டாமா என்ற கேள்விக்கு வரலாம். வேண்டும் என்பதே என் பதில். சென்னை அரசு அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியதே சென்னை இலக்கியச் சங்கம் அளித்த 1,100 புவியியல் மாதிரிகளோடுதான். தகடு தேய்க்கவும், ஒப்பிடவும், பெயரிடவும், நூறு ஆண்டு கழித்து இன்னொருவர் வந்து முந்தைய அடையாளத்தைச் சரிபார்க்கவும் அப்படிப்பட்ட சேகரிப்பு இல்லாமல் முடியாது. வழுதாவூர் அம்மோனைட்டுகள் வயலில் உழவின்போது மேலே வருபவை. எடுத்து வைக்காவிட்டால் நொறுங்கிப் போகும். ஏற்கெனவே இடம் பெயர்ந்துவிட்ட கல்மரத் துண்டுகளுக்கும் அருங்காட்சியகமே வீடு. நான் மறுப்பது, இடத்தில் உறுதியாகக் கிடக்கும் ஒன்றைக் காட்சிக்காகப் பெயர்ப்பதை. கீழடி அகழாய்வுக்குப் பிறகு தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டிய தேவை குறைந்திருக்கிறது: பானை ஓடு எந்த மண்ணடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடைத்தது என்ற குறிப்பு இல்லாவிட்டால் அது வெறும் ஓடு என்பதை எல்லோரும் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் அரிசோனா கல்மரக் காட்டுத் தேசியப் பூங்காவில் இதற்கு வருத்தமான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கல்மரத் துண்டுகளைத் திருட்டுத்தனமாக எடுத்துச் சென்ற பலர், பிறகு மனம் உறுத்தி, மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். பூங்கா அவற்றைப் பழையபடி நிலத்தில் பரப்புவதில்லை. எந்தத் துண்டு எங்கிருந்து போனது என்று யாருக்கும் தெரியாது. தப்பான இடத்தில் வைத்தால் நாளைய ஆய்வாளரை அது ஏமாற்றும். ஆகவே திரும்பி வந்த கற்களைத் தனியே ஒரு குவியலாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். கல் திரும்பியது, சான்று திரும்பவில்லை.

திறந்தவெளியில் கிடந்தால் தேய்ந்து அழிந்துவிடாதா என்ற கவலைக்கும் உரிய மதிப்பு கொடுக்க வேண்டும். குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7. எஃகுக் கத்தியால் கீற முடியாது. மழை அதை எளிதில் கரைக்காது. இந்த மரங்களை மூடியிருந்த மணற்கல்தான் முதலில் கரைகிறது, அதனால்தான் அவை நம் கண்ணுக்குப் பட்டன. ஆனால் பகல் வெயிலில் விரிந்து இரவில் சுருங்குவதால் ஏற்கெனவே உள்ள விரிசல்கள் அகலும், வேர்கள் அவற்றுக்குள் இறங்கும், மழைநீர் அடிமண்ணை அரித்தால் துண்டுகள் சரியும். இவற்றுக்கு மருந்து கிடந்த இடத்திலேயே உண்டு: மிகச் சிறந்த மாதிரிகளுக்கு மேலே கூரை, ஓரத்தில் வடிகால், சுற்றிலும் நடப்பதற்கு மேடை. எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து மனிதர்களின் கையும் மண்வெட்டும் இயந்திரமும். வானூர் வட்டாரம் கருங்கல் குவாரிகளும் கிரஷர்களும் செம்மண் குவாரிகளும் நிறைந்தது. வேலிக்கு வெளியே உள்ள செம்மண்ணிலும் கல்மரம் இருக்கிறது, அங்கே ஜேசிபியின் வாளி ஒரு முறை இறங்கினால் போதும்.

சட்டத்தின் நிலை இந்த ஆபத்துக்கு ஈடாக இல்லை. பழங்காலச் சின்னங்கள் பற்றிய 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடமோ சிற்பமோ நூறு ஆண்டு கடந்திருந்தால் மைய அரசு அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவித்துப் பாதுகாக்கலாம். செஞ்சிக் கோட்டை 2025-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலிலேயே இடம்பெற்றது. அக்கோட்டை நிற்கும் பாறைக்கும், அதிலிருந்து கரைந்து வந்த சிலிக்காவால் ஆன மரத்துக்கும் அதற்கு இணையான தனிச்சட்டம் வேண்டும் என்ற எண்ணத்தில் மைய அரசின் சுரங்கத் துறை 2022 டிசம்பரில் ஒரு வரைவு மசோதாவைக் கருத்துக்கேட்புக்காக வெளியிட்டது. புவிப் பாரம்பரிய இடம், புவிச் சின்னப் பொருள் என்று இரண்டையும் அது தனித்தனியே குறிப்பிட்டது பாராட்டத்தக்கது. பொருளைக் காப்பதும் இடத்தைக் காப்பதும் ஒன்றல்ல என்ற புரிதல் அதில் தெரிகிறது. திருவக்கரையைப் பொறுத்தவரை இடத்தைக் காப்பதுதான் அவசரம்.

பூங்காவுக்கு வரும் பள்ளிப் பிள்ளை ஒருத்திக்கு இவையெல்லாம் எப்படிப் புலப்படும், அவளுக்குத் தெரிவது உருண்டையான கற்கள்தானே என்ற மறுப்பு கடைசியாக நிற்கிறது. உண்மைதான், வெறும் கிடை தானாகப் பேசாது. அதைப் பேச வைக்கப் பெரிய செலவு வேண்டியதில்லை. ஒவ்வொரு முக்கிய அடிமரத்தின் பக்கத்திலும் அதே மரத்தின் மைக்ரோஸ்கோப் படத்தை, இன்றைய உறவு மரத்தின் படத்தோடு, தமிழில் விளக்கத்தோடு வைக்கலாம். அடிமரம் நீண்டு கிடக்கும் திசையைத் தரையில் ஓர் அம்புக்குறியால் காட்டலாம். மாணவர்கள் கையில் திசைகாட்டியைக் கொடுத்து, இருபது முப்பது மரங்களின் திசையை அளந்து தாளில் குறிக்கச் சொன்னால், வெள்ளத்தில் வந்த கட்டைகள் நீரோட்டத்துக்கு இணையாகவோ குறுக்காகவோ ஒதுங்கும் என்ற விதியைக் கொண்டு, அந்த ஆறு எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் ஓடியது என்று அவர்களே வாதிட முடியும். முடிவில் கருத்து வேறுபாடு வந்தால் இன்னும் நல்லது. இன்னும் சில மரங்களை அளப்பார்கள். மூடியிருக்கும் மற்றப் பகுதிகளில் ஒன்றையாவது இந்த வேலைக்காக, வழிகாட்டியோடு, நாளுக்கு இத்தனை பேர் என்ற வரம்போடு திறந்தால், அளப்பதற்கு இடம் பெயராத மரங்கள் அங்கே காத்திருக்கின்றன.